குருந்தூர்மலையின் மேல்மண்: தொல்லியல் பணிப்பாளர் நாயகத்துக்கு ஒரு திறந்த மடல்

தொல்லியல் திணைக்களப் பணிப்பாளர் நாயகம் அவர்களுக்கு,

முல்லைத்தீவு மாவட்டத்தின் குருந்தூர்மலையில் பௌத்த இடிபாடு இருக்கிறதா என்பதில் எங்களுக்குப் பிணக்கு இல்லை. இருக்கிறது. ஆங்கிலேயர் காலத்து அதிகாரிகளே அதைக் குறித்து வைத்தார்கள். 1933 மே மாத வர்த்தமானி மூலம் மலையும் அடிவாரமுமாகச் சுமார் 78 ஏக்கர் ஒதுக்கப்பட்டது. அந்த 78 ஏக்கரை, மலையை அடுத்த தண்ணிமுறிப்பு ஊர் மக்கள் யாரும் உங்களிடம் திருப்பிக் கேட்கவில்லை.

எங்கள் முறைப்பாடு வேறு. அந்த எல்லைக்கு வெளியே வயற்காணிகளில் எல்லைக்கல் நாட்டப்பட்டது. எல்லைக்கு உள்ளே, ஆதிசிவன் ஐயனாருக்குப் பொங்கிப் படைத்து வந்த இடத்தில் அகழ்வு நடந்தது. அந்த வழிபாட்டின் தடயங்கள் என்ன ஆயின என்று ஊருக்கு இன்றுவரை சொல்லப்படவில்லை. நீதிமன்றம் நிறுத்தச் சொன்ன பிறகும் இடிபாட்டின் மேல் புதுத் தூபிக் கட்டுமானம் தொடர்ந்தது. மூன்றுக்கும் வேர் ஒன்றுதான். ஓர் இடத்தில் கிடக்கும் பல அடுக்குகளில் ஒன்றை மட்டும் வரலாறு என்று எடுத்துக்கொண்டு, அதற்கு மேலே கிடப்பதை மண் என்று வாரிக் கொட்டுகிறீர்கள். மேலே கிடந்தது எங்கள் ஊர்.

முதலில் காணி. 1933 வர்த்தமானி, உங்கள் திணைக்களம் இன்று இயங்கும் 1940ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தொல்பொருள் கட்டளைச் சட்டத்துக்கு முந்தியது. அதனால் அந்த 78 ஏக்கரின் எல்லையை யார் வாயாலும் சொல்லிவிட முடியாது. அந்த வர்த்தமானியோடு சேர்ந்த நில அளவை வரைபடம் வேண்டும். அதில் உள்ள மூலைக்கற்களை நில அளவைத் திணைக்களம் நிலத்தில் மறுபடி கண்டுபிடிக்க வேண்டும். கல் தொலைந்திருந்தால், குளக்கட்டு, பழைய வீதி, பாறை என்று அசையாத அடையாளங்களிலிருந்து அளந்து நிலைநாட்ட வேண்டும். கையில் பிடித்த ஜிபிஎஸ் கருவியோடு நடந்து போய்க் கல் நாட்டுவது அளவை ஆகாது. காட்டோரத்தில் மரநிழலில் அந்தக் கருவி ஐந்து பத்து மீற்றர் தவறுவது சாதாரணம். ஒரு வரம்பு ஒதுக்கத்துக்கு உள்ளேயா வெளியேயா என்பதற்கு அந்தப் பத்து மீற்றர் போதும். அது தெரியாத உத்தியோகத்தர் இருக்க மாட்டார்.

78 ஏக்கருக்கு அப்பாலும் தொல்பொருள் இருக்கிறது என்று நீங்கள் கருதலாம். இருக்கக்கூடும். மலையடிவாரத்தில் மடாலயத்தின் குளமும் துறவிகளின் இருப்பிடமும் பரந்திருப்பது புதிதில்லை. அதற்கும் வழி இருக்கிறது. முதலில் மேற்பரப்பு ஆய்வு. பிறகு சந்தேகமுள்ள இடத்தில் ஒரு மீற்றருக்கு ஒரு மீற்றர் அளவில் சோதனைக் குழி. அதன் அறிக்கை. பிறகு பிரதேச செயலாளருக்குக் கடிதம். அவர் கையில் உள்ள காணிப் பதிவேட்டில் எது உறுதிக் காணி, எது பெர்மிட் காணி, எது வெறும் அரச காணி என்று பார்த்துச் சொல்ல வேண்டும். கட்டளைச் சட்டத்தின் 33ஆம் பிரிவு, அரச காணியைத்தான் தொல்லியல் ஒதுக்கமாகப் பிரகடனம் செய்ய இடம் கொடுக்கிறது. ஆகவே இந்தப் படியைத் தாண்டிப் போகவே முடியாது. பிறகு அறிவித்தல், ஆட்சேபம் கேட்க அவகாசம், கடைசியில் வர்த்தமானி. கல் நாட்டுவது இதற்கெல்லாம் பிறகு வரும் வேலை. கல் முதலில் வந்து காகிதம் பின்னால் வந்தால், இடைப்பட்ட காலத்தில் காலபோகமும் சிறுபோகமும் போய்விடும். விதைக்கிறவன் திணைக்களத்தின் கடிதத்துக்காகக் காத்திருக்கலாம், மழை காத்திருக்காது. உழப்போன விவசாயிகள் கைதாகும் நிலை குருந்தூர்மலை அடிவாரத்தில் 2025 வரை வந்திருக்கிறது. அவர்கள் உழுத துண்டு எந்த வரைபடத்தில் எந்த எண்ணில் இருக்கிறது என்பதைக் கைதுக்கு முன்பே காட்டியிருக்க வேண்டும்.

இங்கே ஒரு சங்கடம் உண்டு, அதை மறைக்க வேண்டியதில்லை. பலரிடம் காகிதம் இல்லை. 1984 டிசம்பரில் தண்ணிமுறிப்பு, கொக்கிளாய், கொக்குத்தொடுவாய், கருநாட்டுக்கேணி மக்கள் படையினரால் வெளியேற்றப்பட்டார்கள். கால் நூற்றாண்டுக்கு மேல் அந்த மண் அதன் மக்களில்லாமல் இருந்தது. பல இடப்பெயர்வுகளில் உறுதிகள் எரிந்தன, நனைந்தன, தொலைந்தன. வயலில் மரம் வளர்ந்தது. வளர்ந்த மரத்தைப் பார்த்து வனத் திணைக்களம் காடு என்று எழுதியது; ஆளில்லாத நிலத்தைப் பார்த்து உங்கள் திணைக்களம் அரச காணி என்று எழுதுகிறது. ஆனால் காணிப் பதிவகத்தில் பிரதி இருக்கலாம். மாவட்ட அலுவலகமான கச்சேரியின் பழைய பெர்மிட் பேரேடு, நீர்ப்பாசனத் திணைக்களத்தின் வாய்க்கால் பங்கீட்டுப் பட்டியல், 1984க்கு முந்திய வாக்காளர் இடாப்பு, பாடசாலை வரவுப் பதிவேடு, நில அளவைத் திணைக்களத்தின் பழைய வான்படங்கள் என்று தேட இடம் நிறைய உண்டு. வான்படத்தில் வரம்பு தெரியும். தொல்லியல் அறிந்தவர்களுக்கு வான்படத்தில் வரம்பு பார்க்க நாங்கள் சொல்லித்தர வேண்டியதில்லை. நிலத்துக்குள் புதைந்த சுவரை அதே வான்படத்தில் தேடுகிறவர்கள்தானே நீங்கள்.

அடுத்தது அகழ்வு. 2021 ஜனவரியில் அப்போதைய இராஜாங்க அமைச்சர், இராணுவத்தினர் சூழ, அங்கே அகழ்வைத் தொடக்கிவைத்தார். ஐயனாரின் அடையாளமாக நின்ற சூலம் காணாமற்போயிற்று என்று ஊர்மக்கள் அப்போதே முறையிட்டார்கள். சூலம் போனது மட்டும் எங்கள் கவலை இல்லை. அது நின்ற மண்ணும் எங்கள் கவலை.

வன்னியில் ஐயனாருக்குக் கட்டிடம் தேவையில்லை. ஒரு மரம், அதன் அடியில் ஒரு கல் அல்லது சூலம், மடை (படையல்) பரவ ஓர் இடம், பொங்க மூன்று கல். இது நூறு ஆண்டு நடந்தாலும் முந்நூறு ஆண்டு நடந்தாலும் விட்டுப்போகும் தடயம் மேலே உள்ள பதினைந்து, இருபது சென்ரிமீற்றருக்குள்தான் கிடக்கும்: வெந்து சிவந்த மண், சாம்பல் திட்டு, புகை படிந்த பானை ஓடு, சுட்டி விளக்கின் துண்டு, கரிந்த சிரட்டை, கரிந்த நெல். செங்கற் கட்டிடத்தைத் தேடிப் போகிறவர், மேலே கிடக்கும் இந்தப் படையைப் பற்றையோடும் வேரோடும் சேர்த்து முதல் நாளே துப்புரவாக்கிவிடுவார். பயிற்சி இல்லாத ஆட்கள் மண்வெட்டியோடு இறங்கினால் அது ஒரு காலை வேலை. அதற்குப் பிறகு எவ்வளவு கவனமாகத் தோண்டினாலும் அந்த இடத்தின் வரலாறு பத்து நூற்றாண்டுக்கு முன்னே முடிந்துவிட்டதாகத்தான் தெரியும். தமிழர் இங்கே வழிபட்டதற்குத் தொல்லியல் ஆதாரம் இல்லை என்று பிறகு சொல்வது மிக எளிது.

முறை என்ன என்பது உங்களுக்குத் தெரியும். வாசிக்கும் எங்கள் ஆட்களுக்காக எழுதுகிறோம். ஐந்து மீற்றருக்கு ஐந்து மீற்றர் கட்டங்களாக நிலத்தைப் பிரித்து, இடையே ஒரு மீற்றர் மண்சுவரைத் தோண்டாமல் விட வேண்டும். அந்தச் சுவரின் முகத்தில்தான் அடுக்குகள் வரிசையாகத் தெரியும், அதை வரைந்து படம் எடுக்க வேண்டும். மேல்மண்ணையும் ஓர் அடுக்காக எண்ணிட்டு, சல்லடையில் சலித்து, கிடைத்ததைப் பையிலிட்டு எண் எழுத வேண்டும். அடுப்புச் சாம்பலை அள்ளித் தண்ணீரில் மிதக்கவிட்டால் கரிந்த தானியம் மேலே வரும், அதைக் கரிமக் கால அளவைக்கு அனுப்பலாம். இதில் ஒரு பொறி உண்டு. 1650க்குப் பிந்திய கரித்துண்டுக்குக் கரிம அளவை தெளிவான விடை தராது. பதினேழாம் நூற்றாண்டும் இருபதாம் நூற்றாண்டும் ஒரே விடைக்குள் அடங்கிவிடும். ஆகவே கடைசி முந்நூறு ஆண்டுகளுக்கு ஆய்வுகூடத்தை மட்டும் நம்ப முடியாது. பானை ஓட்டின் வகை, நாணயம், ஒல்லாந்தர் ஆங்கிலேயர் காலத்துப் பதிவு, வயதானவர்களின் வாய்மொழி எல்லாவற்றையும் சேர்த்து வைத்துத்தான் காலம் சொல்ல வேண்டும். அந்த வயதானவர்கள் இன்னும் சிலர் இருக்கிறார்கள். அவர்களைப் பதிவு செய்ய அகழ்வுக் குழுவில் தமிழ் பேசும் ஆய்வாளர் வேண்டும்.

2021இல் அந்த அகழ்வில் வெளிப்பட்ட, பக்கங்கள் பட்டை பட்டையாகச் செதுக்கிய கல்லையே எடுத்துக்கொள்வோம். படம் வெளிவந்த அன்றே ஒரு பக்கம் அதைப் பல்லவர் காலத் தாராலிங்கம் என்றது, மறுபக்கம் தூபியின் உறுப்பு என்றது. ஒரு புகைப்படத்தை வைத்து இரண்டு பேருமே தீர்ப்பெழுதியது விந்தைதான். லிங்கத்துக்கு மூன்று பகுதி உண்டு: அடியில் நாற்பட்டை, நடுவில் எண்பட்டை, மேலே உருளை. தாராலிங்கமானால் அந்த மேற்பகுதியும் பட்டை தீட்டியிருக்கும். பதினாறு பட்டை கொண்டவையும் உண்டு. பழைய தூபிகளின் உச்சியில் நடப்பட்ட யூபக் கல்லும் எண்பட்டைதான். ஆகவே பட்டையை எண்ணி எதையும் முடிவு செய்ய இயலாது. கல்லின் அடிப்பகுதி ஆவுடையாரில் இறங்கும்படி செதுக்கப்பட்டதா, உச்சி வளைவா தட்டையா, அபிடேக நீர் பட்ட தேய்வு உண்டா, உளித்தடம் எந்த வகை என்று பார்க்க வேண்டும். எல்லாவற்றையும் விட, அது எந்தக் கட்டத்தில், எந்த ஆழத்தில், தூபி மேட்டின் உள்நிரப்பிலா வெளிச்சரிவிலா கிடந்தது என்பதுதான் விடை. அந்த ஒரு தகவல் உங்கள் அகழ்வுக் குறிப்பேட்டில் இருக்க வேண்டும். அதை வெளியிட்டால் பாதி வாய்ச்சண்டை அன்றைக்கே அடங்கும். யூபக் கல் என்று நிறுவப்பட்டால் நாங்கள் ஏற்போம். லிங்கம் என்று நிறுவப்பட்டால் நீங்களும் ஏற்க வேண்டும்.

மூன்றாவது, கட்டுமானம். இடிபாட்டைக் காப்பதும் புதுத் தூபி எழுப்புவதும் வேறு வேறு வேலைகள். உலகெங்கும் உங்கள் துறை பின்பற்றும் 1964ஆம் ஆண்டின் வெனிஸ் சாசனம், ஊகம் தொடங்கும் இடத்தில் மீளமைப்பு நின்றுவிட வேண்டும் என்கிறது. அடித்தளமும் சில வரிசைச் செங்கல்லும் மட்டும் எஞ்சிய தூபிக்கு எத்தனை அடி உயரம், எந்த வடிவ அண்டம் (குவிந்த உடல்), எப்படிப்பட்ட முடி என்பதெல்லாம் ஊகம். வேலைத் தரத்திலும் ஆபத்து இருக்கிறது. பழைய செங்கல் மென்மையானது, ஈரத்தை உறிஞ்சி வெளியே விடும். அதன் மேல் சீமெந்துக் கலவை வைத்தால் ஈரம் வெளியேற வழியில்லாமல் பழைய செங்கல்லுக்குள்ளேயே தங்கும், உப்பு பூக்கும், சில மாரிக்குள் முகம் உதிரும். சுண்ணாம்புக் கலவைதான் பொருந்தும். புதிதாக வைக்கும் செங்கல் ஒவ்வொன்றிலும் ஆண்டு பொறித்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் ஐம்பது ஆண்டு கழித்து வருகிறவருக்கு எது அனுராதபுரக் காலம், எது நேற்றையது என்று தெரியாது. காப்பதாகச் சொல்லித் தொட்ட சின்னத்தையே இப்படி அழிக்கலாம்.

இந்த விடயத்தில் நம் பக்கமும் சுத்தமில்லை. கும்பாபிடேகம் என்ற பெயரில் பழைய கருங்கல் அதிட்டானத்தை (அடிப்பீடத்தை) பெயர்த்து அத்திவாரத்துக்குள் போட்டுக் கொங்கிறீற் ஊற்றிய கோயில்கள் வடக்கில் உண்டு. எழுத்துள்ள கல்லில் எனாமல் தீந்தை பூசியவர்களும் உண்டு. அதையும் தடுப்பது உங்கள் வேலை. ஆனால் அங்கெல்லாம் காணாத அவசரம் குருந்தூர்மலையில் மட்டும் ஏன்?

2022இல் முல்லைத்தீவு நீதிமன்றம் புதிய கட்டுமானம் கூடாது என்றது. 2023 ஓகஸ்டில் அந்தக் கட்டளை மீறப்பட்டிருப்பதாகக் கூறியது. அடுத்த மாதம் அந்த நீதிபதி, உயிரச்சுறுத்தல் என்று எழுதிவைத்துப் பதவி துறந்து நாட்டை விட்டுப் போனார். இதற்கு மேல் அதைப் பற்றி நாங்கள் எழுத ஒன்றுமில்லை. உங்கள் திணைக்களம் எழுத வேண்டியது இருக்கிறது: கட்டளைக்குப் பிறகு அங்கே வைக்கப்பட்ட ஒவ்வொரு செங்கல்லுக்கும் யார் கையொப்பமிட்டார்?

சட்டத்திலேயே ஒரு கோணல் இருக்கிறது, அதைச் சுட்டாமல் விட முடியாது. கட்டளைச் சட்டம் பொதுவாக 1815 மார்ச் 2க்கு முந்தியதைத்தான் புராதனச் சின்னம் என்கிறது. அது கண்டி இராச்சியம் ஆங்கிலேயரிடம் போன நாள். கல்லிலும் செங்கல்லிலும் கட்டியவர்களுக்கு அந்தக் கோட்டைத் தாண்டுவது எளிது. மரத்தடியில் மண்ணிலும் சாம்பலிலும் வழிபட்டவர்களால் தங்கள் சூலம் 1815க்கு முந்தியது என்று எப்படிக் காட்ட முடியும்? சட்டத்தை மாற்றும் அதிகாரம் உங்களுக்கு இல்லை. வாழும் வழிபாட்டுத் தலம் என்று பதிவு செய்து, இடிபாட்டைக் காத்தபடியே பூசைக்கு இடம்விடும் நிர்வாக அதிகாரம் இருக்கிறது. வவுனியா மாவட்டத்துச் சிவன் தலமான வெடுக்குநாறிமலையில் 2023 மார்ச்சில் விக்கிரகங்கள் பெயர்க்கப்பட்டதும், 2024 மார்ச் 8இல் சிவராத்திரிக்குப் போனவர்களில் எட்டுப் பேர் கைதாகிப் பின்னர் வழக்கே தள்ளுபடியானதும், அந்த அதிகாரத்தைப் பயன்படுத்தாததன் விளைவு.

பௌத்தச் சின்னம் என்றால் சிங்களவருடையது, சிவன் என்றால் தமிழருடையது என்ற கணக்கு உங்கள் திணைக்களம் தோண்டிய ஆதாரங்களுக்கே எதிரானது. திருகோணமலைப் பெரியகுளத்து வெல்கம் விகாரையை ஊர்மக்கள் நாதனார் கோவில் என்றார்கள். அங்குள்ள சோழர் காலத் தமிழ்க் கல்வெட்டுகள் அதை இராசராசப் பெரும்பள்ளி என்கின்றன. பொலன்னறுவையில் புத்தரின் பல்லாகிய தந்ததாதுவைக் காக்கப் பொறுப்பேற்ற வேளைக்காரப் படையினர் தமிழில்தான் கல் வெட்டினார்கள். கந்தரோடையில் தூபிகள் இருக்கின்றன. தமிழ்ப் பௌத்தர்களின் கைவேலை என்று ஏற்கத் தயாராக இருக்கும் மக்களிடம், அதே கல்லைக் குடியேற்றத்தின் எல்லைக்கல்லாகக் காட்டினால் யாருக்கும் மரியாதை வராது.

இதைவிடச் சிக்கலான இடங்களில் வழி கண்டிருக்கிறார்கள். சைப்பிரசின் வடபகுதி 1974 முதல் துருக்கியப் படைகளின் பிடியில் இருக்கிறது. வடக்கில் தேவாலயங்கள் பாழாயின, சுவரோவியங்களும் மொசைக்குகளும் பெயர்க்கப்பட்டு வெளிநாட்டுச் சந்தைக்குப் போயின. தெற்கில் பள்ளிவாசல்கள் கவனிப்பாரற்றுக் கிடந்தன. 2008இல் இரு சமூகத்தவரும் சேர்ந்த பண்பாட்டு மரபுரிமைத் தொழினுட்பக் குழு அமைந்தது. நிதி பெரும்பாலும் ஐரோப்பிய ஒன்றியத்துடையது, வேலையை நடத்தியது ஐ.நா. அபிவிருத்தித் திட்டம். கார்ப்பாஸ் முனையிலுள்ள அப்போஸ்தலர் அந்திரேயா மடத்தைத் திருத்த, சைப்பிரஸ் திருச்சபையும் துருக்கியச் சைப்பிரசு முஸ்லிம்களின் எவ்காஃப் அறநிலையமும் பணம் போட்டன. யாருடைய நாடு என்ற வழக்கு இன்னும் தீரவில்லை. கூரை ஒழுகுவது நின்றது. இங்கே 2020 ஜூனில் கிழக்கு மாகாணத் தொல்லியலுக்கு ஜனாதிபதிச் செயலணி அமைந்தபோது அதன் தலைவர் பாதுகாப்புச் செயலாளர். முதலில் நியமித்த பதினொரு பேரில், அந்த மாகாணத்தின் பெரும்பான்மையினரான தமிழரும் முஸ்லிம்களும் ஒருவர்கூட இல்லை.

ஆகவே கேட்கிறோம்.

1933 வர்த்தமானியையும் அதன் வரைபடத்தையும் முல்லைத்தீவு மாவட்டச் செயலகத்தில் பொதுமக்கள் பார்வைக்கு வையுங்கள். நில அளவைத் திணைக்களம், கிராம அலுவலர், காணிக்காரர் மூவரும் நிற்க எல்லையை மறுபடி அளந்து, 78 ஏக்கருக்கு வெளியே நிற்கும் கற்களைப் பிடுங்குங்கள். விரிவாக்கம் தேவையென்றால் சோதனைக் குழி அறிக்கையோடு முறைப்படி வாருங்கள்; அதுவரை உழவைத் தடுக்க எந்த உத்தியோகத்தரும் பொலிசாரிடம் முறைப்பாடு கொடுக்கக் கூடாது என்று எழுத்தில் அறிவுறுத்துங்கள்.

2021 முதல் நடந்த அகழ்வின் முழு அறிக்கையை, அடுக்கு வரைபடம், கண்டெடுத்த பொருட்களின் பதிவேடு, அவை இப்போது இருக்கும் இடம் உட்பட, தமிழிலும் சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் வெளியிடுங்கள். வடக்கிலும் கிழக்கிலும் தமிழ் நிர்வாக மொழி என்பது அரசியலமைப்பின் 22ஆம் உறுப்புரை; இதில் சலுகை எதையும் கேட்கவில்லை. பட்டைக் கல்லை, யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தினரும் பேராதனைப் பல்கலைக்கழகத்தினரும் ஒன்றாக இருந்து ஆராய இடம் கொடுங்கள். இனி அங்கே ஒரு கட்டம் தோண்டுவதானாலும் குழுவில் தமிழ் பேசும் தொல்லியலாளர் இருக்கட்டும், சீருடை இருக்க வேண்டாம்.

தூபியின் மேல் ஏறிய புதிய வேலையை நிறுத்தி, எது பழையது எது புதியது என்று அளந்து வரைந்து நீதிமன்றத்தில் ஒப்படையுங்கள். ஐயனாருக்குப் பொங்கும் இடத்தை அடையாளம் கண்டு, இடிபாட்டுக்குச் சேதம் வராத தூரத்தில் அடுப்பு மூட்டவும் மடை பரவவும் அனுமதித்து, ஆண்டுக்கு ஆண்டு கெஞ்சத் தேவையில்லாத நிரந்தரக் கடிதம் கொடுங்கள். வடக்கு கிழக்குக்கென இரு மொழியினரும் சம எண்ணிக்கையில் இருக்கும் தொழினுட்பக் குழு ஒன்றை அமைக்க அமைச்சுக்குப் பரிந்துரை அனுப்பி, அதன் பிரதியை வெளியிடுங்கள்.

வரைபடமும் அகழ்வு அறிக்கையும் கோரும் விண்ணப்பத்தை 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவலறியும் உரிமைச் சட்டத்தின்படி இந்த மடலோடு சேர்த்து உங்கள் தகவல் உத்தியோகத்தருக்கும் அனுப்புகிறோம். பதினான்கு வேலை நாட்களுக்குள் விடை தர வேண்டும் என்கிறது சட்டம்.

இப்படிக்கு,
வன்னியில் காணி அளவை, அகழ்வு, கோயிற் பராமரிப்பு வேலைகளில் இருப்போர்